கலேரியாவின் கூழாங்கல் கரையில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: கடலோரச் சாலை

நேற்றிரவு தென் பிரான்சின் துலோன் துறைமுகத்தில் காரோடு ஏறிய எங்களைக் கப்பல் இன்று காலை மத்தியதரைக் கடலிலுள்ள கோர்சிகாத் தீவின் லீல்-ரூஸ் துறையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கால்வி நகரம் கூப்பிடு தூரம்தான். கால்வியிலிருந்து நாங்கள் தங்கவிருந்த கலேரியா என்ற சிற்றூருக்குக் கடலோரமாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த முப்பது கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் இடுப்பளவு கூட இல்லாத கல் வரம்பு, அதற்குக் கீழே நேராகக் கடல். போதாக்குறைக்கு வளைவுக்கு வளைவு மாடுகள். வண்டி ஓட்டியது என் மனைவி என்பதால் எனக்குக் கடலைப் பார்க்க வாய்த்தது. அவளுக்கு மாடுகளைப் பார்க்க வாய்த்தது.

பாதி வழியில் குரொவானி என்ற விரிகுடாவில் வண்டியை நிறுத்தினோம். நீண்ட கூழாங்கல் கரை, ஜூன் மாதக் கடைசி வாரத்திலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை. கரைக்குப் பின்னால் அர்ஜென்தெல்லா சுரங்கத்தின் இடிந்த கட்டடங்கள் நிற்கின்றன. வெள்ளியும் ஈயமும் எடுத்த சுரங்கம் அது. 1960-இல் பிரெஞ்சு அரசு இந்தச் சுரங்கத்தைத்தான் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது. தீவு முழுவதும் மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே கரையோரத்தில், கழுகு பறக்கும் தூரமாக அளந்தால் மிகவும் அருகில், பதினைந்தே ஆண்டுகளில் ஓர் இயற்கைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டே நான் அங்கு நின்றிருந்தேன்.

அந்தக் காப்பகத்தின் பெயர் ஸ்காந்தோலா. அதற்காகத்தான் இந்தப் பயணம். 1975 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இது, நிலத்தையும் கடலையும் ஒன்றாகச் சேர்த்துக் காத்த முதல் பிரெஞ்சுக் காப்பகம்: நிலம் ஏறத்தாழ 900 ஹெக்டேர், கடல் ஏறத்தாழ 1000 ஹெக்டேர். 1983-இல் யுனெஸ்கோ இதனையும் தெற்கேயுள்ள ஜிரோலாத்தா, போர்த்தோ வளைகுடாக்களையும் பியானாவின் செம்பாறைச் சரிவுகளையும் ஒன்றாக உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. காப்பகத்துக்குள் சாலை கிடையாது, நடைபாதை கிடையாது, தங்குமிடம் கிடையாது. கடல் வழியாகச் சென்று, படகிலிருந்தபடியே பார்த்துத் திரும்ப வேண்டும். ஆகவே கரையில் இருக்க விரும்புகிறவர்கள் அதன் வட வாசலான கலேரியாவில் தங்குகிறார்கள்.

மாலை ஆறு மணிக்குக் கலேரியாவின் ரிச்சினிச்சா கரைக்கு நடந்தோம். ஒரு முனையில், இத்தாலிய நகரமான ஜெனோவாவின் ஆட்சிக் காலத்துக் காவற்கோபுரம் ஒன்று, பாதி உடைந்து நிற்கிறது. மறுமுனை வரை சாம்பல், பச்சை, கருஞ்சிவப்பு என்று கற்கள், கற்கள், கற்கள். நான் வெறுங்காலோடு இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கழைக்கூத்தாடியைப் போல நின்றுவிட்டேன். பகல் முழுதும் வெயில் குடித்த கல், ஆறு மணிக்கும் உள்ளங்காலைச் சுட்டது. நாளைக் காலை முதல் வேலையாக ரப்பர் காலணி வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இரண்டாம் நாள்: காற்று

படகு இன்று போகாது. தென்மேற்கிலிருந்து லிபெச்சு என்று இங்கே சொல்லப்படும் காற்று எழுந்துவிட்டது. படகுக் கொட்டகையில் இருந்த பெண், நாளைக்கு வாருங்கள் என்றார். நாளை போகுமா என்று கேட்டதற்கு, கடலைக் காட்டித் தோளைக் குலுக்கினார். அந்தக் கடலைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே நாள் முழுதும் கரைக்கே உரியதாயிற்று, அதற்காக நான் வருந்தவில்லை. ஊர்க் கடையில் வாங்கிய காலணிகளை மாட்டிக்கொண்டு, கோபுரத்தின் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்தோம். அலை ஏறும்போது வெறும் இரைச்சல்தான். அது வடியும்போதுதான் கல்லின் ஓசை பிறக்கிறது: முறத்தில் உளுந்தைப் புடைக்கும்போது எழுமே, அந்தச் சலசலப்பு, நூறு முறங்களை ஒருசேரப் புடைத்தாற்போல. என் மனைவிதான் முறம் என்று முதலில் சொன்னாள். சொன்ன பிறகு பார்த்தால், ஓசை மட்டுமல்ல, வேலையும் அதுவாகவே இருந்தது. கரையின் உச்சி வரம்பில் கிடந்த கற்கள் பெரும்பாலும் தட்டையானவை, வடையைப் போல. நீர் விளிம்பில் கிடந்தவை உருண்டையானவை. தட்டைக் கல்லை அலை தூக்கி மேலே எறிந்தால் அது படிந்து அங்கேயே கிடக்கும். உருண்டைக் கல்லோ திரும்பும் நீரோடு சேர்ந்து கீழே உருண்டு வந்துவிடும். எத்தனையோ காலமாகப் புடைத்துப் புடைத்துக் கடல் இவற்றைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது.

மணற்கரையைப் போல இது சாய்வாகப் படுத்திருப்பதில்லை; படிக்கட்டைப் போலச் செங்குத்தாக இறங்குகிறது. மேலேறிய நீரில் பெரும்பகுதி கற்களின் இடுக்குகளில் புகுந்து மறைந்துவிடுவதால், திரும்பிப் போகும் நீருக்குக் கல்லைக் கீழே இழுத்துச் செல்லும் வலு குறைவு. ஏற்றிய கல்லில் பாதி மேலேயே தங்கிவிட, கரை உயர்ந்துகொண்டே போகிறது. குளிக்க இறங்குகிறவருக்கு இதன் பொருள் வேறு: மூன்றாவது அடியில் இடுப்பளவு நீர், ஐந்தாவது அடியில் தரை எட்டாது. இறங்குவது எளிது. ஏறுவதுதான் வித்தை. காற்று சற்று ஓய்ந்த பிற்பகலில் நான் இறங்கினேன். வெளியே வரும்போது அலை பின்னாலிருந்து முழங்காலைத் தட்ட, காலுக்கடியில் கற்கள் நழுவ, நான்கு கால்களில் தவழ்ந்துதான் கரை சேர்ந்தேன். இடது முழங்காலில் சிராய்ப்பு. மேலே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அலையோடு சேர்ந்து வர வேண்டும், அலைக்குப் பின்னால் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஒரு காலத்தில் மீன்பிடித்தவராம்.

இந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் விடை கரையிலேயே இருக்கிறது. ஃபாங்கோ ஆறு இந்தக் கரைக்குப் பின்னால்தான் கடலைச் சேர்கிறது. அது பிறப்பது 2525 மீட்டர் உயரமுள்ள பாலியா ஓர்பா சிகரத்தின் அடிவாரப் பகுதியில். மலை உடைத்துக் கொடுத்ததை ஆறு உருட்டிக் கொண்டுவருகிறது. கடல் அதை மெருகேற்றுகிறது. கோடையில் ஆறு இளைத்துவிடுவதால், கடல் அடுக்கிய கல் வரம்பை உடைத்து வெளியேற வலுவில்லாமல் பின்னாலேயே தேங்கி, வளைந்து நிற்கும் காயலாகிவிடுகிறது. மாலையில் அதன் ஓரமாக நடந்தபோது, சாய்ந்து கிடந்த மரத்துண்டின் மேல் குளத்தாமை ஒன்று கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஃபாங்கோ பள்ளத்தாக்கு 1977 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக இருப்பதால், ஆக இரண்டு காப்பகங்களுக்கு நடுவே உள்ள வரப்பில்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

மனைவி ஒரே அளவான ஐந்து கற்களைத் தேடி எடுத்து அஞ்சாங்கல் ஆடினாள். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் நான்காவது கட்டம் வரை தவறவில்லை. ஆடி முடித்ததும் கற்களை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே போட்டாள். கடற்கரைக் கல்லை எடுத்துச் செல்வது பிரான்சில் சட்டப்படி குற்றம். 1500 யூரோ வரை அபராதம் உண்டு. கூழாங்கல்லுக்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு கோடைக்கு எத்தனை ஆயிரம் பேர் இங்கே வருகிறார்கள், ஆளுக்கு ஒன்று என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் கேள்வி அடங்கிவிடும்.

மூன்றாம் நாள்: ஸ்காந்தோலா

காற்று இறங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேர் கொள்ளும் ரப்பர் படகில் ஏறினோம். ஃபொகொலாரா விரிகுடாவைத் தாண்டியதும் பாறையின் நிறம் மாறத் தொடங்கியது. ஸ்காந்தோலா ஓர் எரிமலையின் எச்சம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. குழம்பு இறுகியபோது எழுந்த தூண்கள் சில இடங்களில் விறகுக் கட்டைப் போல அடுக்கடுக்காகவும், சில இடங்களில் சாய்ந்தும் நிற்கின்றன. செம்பாறையின் முகத்தில், உப்பும் காற்றும் குடைந்த பொந்துகள். தஃபோனி என்று இங்கே பெயர். உள்ளே ஒரு மனிதர் குனிந்து உட்காரலாம் போன்ற அளவு.

கடல் மட்டத்தில் பாறையை ஒட்டி ஒரு வெளிர் நிற விளிம்பு ஓடுவதைப் படகோட்டி சுட்டிக்காட்டினார். நான் அதை உப்புப் படிவு என்று நினைத்திருந்தேன். அது உயிருள்ள பொருள். சுண்ணாம்பைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் ஒருவகைப் பாசி, அலை அடிக்கும் சரியான உயரத்தில் மட்டும், மிக மிக மெதுவாக, திண்ணையைப் போல நீண்டு வளர்கிறது. லிட்டிஸ்ஸியா என்ற சிறு குடாவில் அத்திண்ணை ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் வரை அகலம். மத்தியதரைக் கடலிலேயே பெரியவற்றுள் ஒன்று. இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஓரிரு சாண் அளவுதான் என்பதால், இந்தப் பாசிக்கு நீர்மட்டம் ஒரு வரம்பைப் போல நிலையாக இருக்க வேண்டும். மட்டம் வேகமாக உயர்ந்தால் அதற்கு எட்டிப் பிடிக்கத் தெரியாது.

கீழே கடற்புல். பொசிதோனியா என்ற இந்தப் புல் பாசி அல்ல. பூத்துக் காய்க்கும் தாவரம், மத்தியதரைக் கடலில் மட்டுமே வாழ்வது. தெளிந்த நீரில் நாற்பது மீட்டர் ஆழம் வரை இறங்கி வளர்கிறது. படகின் நங்கூரம் ஒரு முறை விழுந்து எழுந்தால் பெயர்ந்துபோகும் புல் திட்டு, திரும்ப மூடிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் அதன் தண்டு நகரும். பிரான்சில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எங்கள் படகோட்டி எங்கும் நங்கூரம் இறக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதக்கவிட்டார். அப்போது பாறை அடியில் களவா மீன் ஒன்று, மங்கிய பழுப்பில் வெளிர்த் திட்டுகளோடு, நகராமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஈட்டித் துப்பாக்கிக்காரர்களால் அருகிப்போன மீன் இது. பெண்ணாகப் பிறந்து, வயதும் உடலும் முதிர்ந்த பிறகு ஆணாக மாறும் இனம் என்பதால், பெரிய மீன்களைத் தேர்ந்து கொல்லும் வேட்டை அதன் ஆண்களை முழுதாகத் துடைத்துவிடும். 1980 முதல் கோர்சிகாவில் களவாவை ஈட்டியால் வேட்டையாடுவதற்குத் தடை. ஸ்காந்தோலாவுக்குள் ஈட்டி மீன்பிடிப்பும், காற்றுக் குடுவையோடு மூழ்குவதும் கூடாது. மனிதர்கள் துரத்தாத இடத்தில் பிறந்ததால் போலும், எங்களைப் பார்த்ததும் அதற்கு ஓடத் தோன்றவில்லை.

பிறகு கூடு. கர்காலு தீவுக்கு முன்னால், கடலிலிருந்து துருத்தி நிற்கும் பாறையின் உச்சியில், சுள்ளிகளும் காய்ந்த புல்லும் குவிந்த ஒரு பெரும் பொதி. விராலடிப்பானின் கூடு. இந்தப் பறவை நமக்கு அந்நியமில்லை. குளிர்காலத்தில் பழவேற்காட்டிலும் ஏரிகளின் மேலும் மீனுக்காக வட்டமிடும் அதே இனம். ஆனால் அங்கே அது விருந்தாளி, இங்கே குடியிருப்பவர். 1974-இல் கோர்சிகா முழுவதும் மூன்றே இணைகள் எஞ்சியிருந்தன. காப்பகம் வந்த பிறகு அது முப்பது இணைகள் அளவுக்குப் பெருகியது. இங்கிருந்து குஞ்சுகளை எடுத்துச் சென்று இத்தாலியில் மீண்டும் குடியேற்றினார்கள் என்றால் எத்தகைய வெற்றி என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த வெற்றியைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறோம். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் படகுகள் 250 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் படகு நின்றது. தொலைநோக்கியில் கூட்டின் விளிம்பில் இரண்டு தலைகள் தெரிந்தன. தாய் எழுந்து நின்று, திரும்பத் திரும்பக் கூர்மையாகக் கத்தியது. முதலில் எனக்கு அது அழகாகவே பட்டது. படகோட்டிதான், அது எச்சரிக்கைக் குரல் என்றார். நான் திரும்பி எண்ணினேன்: நாங்கள் இருந்த அந்தச் சிறு நீர்ப்பரப்பில், எங்களையும் சேர்த்துப் பதினான்கு படகுகள். அவற்றுள் இரண்டு, மாடி வைத்த பெரிய சுற்றுலாப் படகுகள், ஒன்றில் ஒலிபெருக்கி. படகுப் போக்குவரத்து மிகுந்த இடங்களில் ஆண் பறவை கூட்டுக்குக் கொண்டுவரும் மீன் குறைகிறது, பெண் பறவை குஞ்சைக் கவனிப்பதை விட்டு எச்சரிக்கை எழுப்புவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறது என்று இதே கரையில் ஆய்வு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கூடுகள் இருக்கின்றன, பறக்கும் அளவுக்கு வளரும் குஞ்சுகள்தாம் குறைந்துபோயின. நன்கு காக்கப்படும் இயற்கைப் பகுதிகளுக்கென 1985-இல் ஐரோப்பிய மன்றம் ஸ்காந்தோலாவுக்கு அளித்த ஐரோப்பியப் பட்டயம், 2020-இல் புதுப்பிக்கப்படவில்லை. கூட்டமும் இயந்திரப் படகுகளும்தான் காரணம்.

படகில் எனக்கு அடுத்து அமர்ந்திருந்தவர், கூட்டம் மிக அதிகம், கட்டுப்படுத்த வேண்டும் என்றார். நானும் ஆமாம் என்றேன். பதினான்காவது படகில் உட்கார்ந்துகொண்டு இருவரும் அப்படிச் சொல்லிக்கொண்டோம்.

நான்காம் நாள்: நடந்தே ஜிரோலாத்தாவுக்கு

நேற்றைய பதினான்கு படகுகள் உறுத்திக்கொண்டே இருந்ததால், இன்று நடப்பது என்று தீர்மானித்தோம். ஜிரோலாத்தா காப்பகத்தின் தென் எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர். சாலை இல்லை, படகு அல்லது கால். காரில் பால்மரெல்லா கணவாயைத் தாண்டி, க்ரோச்சே கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கினோம். ஒன்றரை மணி நேர நடை என்று பலகை சொன்னது. எங்களுக்கு இரண்டு மணி நேரம். வழியெல்லாம் ஆளுயரப் புதர். அதன் பிசின் மணம் வெயிலேற ஏறக் கூடியது.

பாதி வழியில் துவாரா கரை. இங்கும் கூழாங்கல்தான், ஆனால் கல்லின் மேல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கடற்புல் இலைகள் பழுப்பு மெத்தையாகக் குவிந்திருந்தன. அந்த மெத்தையின் மேல் நான்கு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கரையைச் சுத்தம் செய்யக்கூடாதா என்று கேட்கும் பயணிகள் உண்டு. அந்தக் குவியல்தான் குளிர்காலப் புயல் அலை கரையைத் தின்றுவிடாமல் தாங்கும் அணை. அதை அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு கரையே குறுகியிருக்கும். மாடுகளுக்கு இது தெரிந்திருந்தது போல, எழுந்து வழிவிடவே இல்லை. நாங்கள் சுற்றிக்கொண்டு போனோம்.

ஜிரோலாத்தாவின் முனையில் கோட்டை. 1540-இல் மத்தியதரைக் கடலையே நடுங்க வைத்த துருக்கியக் கடற்படைத் தலைவர் துர்குத் ரெய்ஸ், இந்த விரிகுடாவில் கப்பல்களைக் கரையேற்றி வைத்திருந்தபோது, ஜெனோவாவின் தளபதி ஜன்னெத்தீனோ தோரியாவின் படை அவரைச் சிறைபிடித்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஜெனோவாக்காரரின் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாக இருந்த பிறகே பணயத்தொகை கொடுத்து மீட்கப்பட்டார். மூன்று பக்கமும் மலை அணைத்த இந்தக் குடாவுக்குள் நுழைந்துவிட்டால் கடலில் நடப்பது ஒன்றும் தெரியாது. ஒளிந்துகொள்ளவும் நல்ல இடம், மாட்டிக்கொள்ளவும் நல்ல இடம்.

நண்பகலில் சுற்றுலாப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. மதிய உணவுக்கு இரண்டு மணி நேர நிறுத்தம். சிறிய கற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஓர் உணவகத்தில் மீன் கேட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்து, கடைசியில் மீன் தீர்ந்துவிட்டது என்று ஆம்லெட் வந்தது. விலை மட்டும் மீனின் விலை. மூன்றரைக்குப் படகுகள் திரும்பியதும், யாரோ குழாயை அடைத்தாற்போல ஓசை நின்றது. நாங்கள் மீண்டும் ஏற வேண்டிய மலையைப் பார்த்து, இன்னும் அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்தோம். ஏறும்போது பேச்சே இல்லை. கீழே வந்த பாதைதானா இது என்று சந்தேகம் வரும் அளவுக்கு அது நீண்டிருந்தது.

ஐந்தாம் நாள்: திரும்புதல்

விடியற்காலையில் கலேரியாக் கரைக்கு ஒரு முறை போனேன். மூன்று நாள் முன்பு நான் தவழ்ந்து ஏறிய இடம் அங்கே இல்லை. அலைகள் கரையைப் புதிதாக வாரி, பிறை பிறையாகப் பள்ளங்களை வெட்டியிருந்தன. அலையோடு சேர்ந்து வர வேண்டும் என்ற முதியவரின் சொற்படி ஒரு முழுக்குப் போட்டு, ஓர் அலையின் மேல் ஏறி, நின்ற கோலத்திலேயே கரை சேர்ந்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லாமல் போயிற்று.

பிற்பகல் லீல்-ரூஸில் கப்பலுக்கான வரிசை. வெயிலில் கார்கள் ஒரு மணி நேரமாக நகரவில்லை. காலணியில் ஏதோ உறுத்துகிறது என்று கழற்றிப் பார்த்தேன்: அடிப்பகுதியின் வெட்டில் சுண்டுவிரல் நக அளவில் கருஞ்சிவப்புக் கல் ஒன்று இறுக மாட்டியிருந்தது. ஐந்து நாட்களில் என்றைக்கு ஏறிக்கொண்டதோ. ஆயிரத்து ஐந்நூறு யூரோ என்றாள் மனைவி. கார்ச் சாவியால் நெம்பி எடுத்து, இறங்கித் துறையின் விளிம்பு வரை போனேன். எதிரே இந்த ஊருக்குப் பெயர் தந்த செந்நிறத் தீவுப் பாறை, கல்லின் அதே நிறத்தில் நின்றது. கல்லை நீரில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வரிசை நகரத் தொடங்கியது. பின்னாலிருந்த வண்டிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.